வெட்டாமல் காத்த காடு: நியூ ஜெர்சியின் மெட்லர் காடு குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், சோமர்செட் மாவட்டத்தைச் சேர்ந்த ஈஸ்ட் மில்ஸ்டோன் என்னும் சிற்றூரை ஒட்டி, 65 ஏக்கர் பரப்பில் ஒரு பழங்காடு இருக்கிறது. ஐரோப்பியர் குடியேறிய பிறகு ஒருமுறைகூட அடியோடு வெட்டப்படாத காடு அது. அமெரிக்க மாநிலங்களிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் மாநிலத்தில், வயல்களும் வீட்டுமனைகளும் சாலைகளும் சூழ்ந்த இடத்தில் இப்படியொரு காடு தப்பிப் பிழைத்ததே அரிது. 1955-இல் அது விலைக்கு வாங்கப்பட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நிரந்தரமாக ஒப்படைக்கப்பட்டது. கோடரியிலிருந்து அதைக் காப்பாற்றும் முயற்சி முழு வெற்றி பெற்றது. ஆனால் எந்த ஓக் காட்டைக் காப்பதற்காக அவ்வளவு பேர் சேர்ந்து பாடுபட்டார்களோ, அந்த ஓக் காடு அதற்குப் பிந்தைய எழுபது ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கைநழுவிக்கொண்டிருக்கிறது. அன்று முடிவெடுத்தவர்கள் தங்களிடம் இருந்த அறிவுக்கு நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். அதனாலேயே இந்த நிகழ்வு படிக்கத் தகுந்தது.

பின்னணி

1701-இல் டச்சு வழிவந்த ஒரு குடியேறி இந்த நிலத்தை வாங்கினார். சுற்றியிருந்த நிலம் திருத்தப்பட்டு விளைநிலமானது. இந்தப் பகுதி மட்டும் குடும்பத்தின் மரத்தோப்பாக விடப்பட்டது. அடுத்த இரண்டரை நூற்றாண்டுகள் அது அதே வழித்தோன்றல்களின் கையிலேயே இருந்தது. பிற்காலத்தில் உரிமை பெற்றிருந்தவர்களின் குடும்பப் பெயராலேயே ‘மெட்லர் காடு’ என்று அழைக்கப்பட்டது. காற்றில் விழுந்த மரங்களை எடுத்துக்கொண்டார்களே தவிர, நின்ற மரங்களை விற்பனைக்காக வெட்டவில்லை. சட்டமோ அறிவிப்புப் பலகையோ இல்லாமல் ஒரு குடும்பத்தின் பழக்கமே ஒரு காட்டை 250 ஆண்டு காத்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பிற்பாடு வந்த எந்த ஏற்பாட்டுக்கும் அவ்வளவு நீண்ட ஆயுள் இன்னும் கிடைக்கவில்லை.

காட்டின் மேல்தளத்தில் நின்றவை பெரும்பாலும் ஓக் மரங்கள். தமிழ் அகராதிகள் இதைக் கருவாலி என்று தருகின்றன. பேச்சில் அந்தப் பெயர் வழங்காததால் இங்கே ஓக் என்றே எழுதுகிறேன். வெள்ளை ஓக், கறுப்பு ஓக், சிவப்பு ஓக் ஆகியவற்றோடு ஹிக்கரி மரங்களும் கலந்திருந்தன. அவற்றின் நிழலில், வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும் டாக்வுட் என்னும் சிறு மரம் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. இதே பகுதியின் தாவரங்களை ஆராய்ந்துவந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள், ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த தங்கள் வளாகத்திலிருந்து இந்தக் காட்டுக்கு அடிக்கடி வந்துபோனார்கள்.

1950: விழுந்த மரத்தில் தெரிந்தது

1950-இல் வீசிய பெரும் புயல் காட்டின் பல முதிய மரங்களை வேரோடு சாய்த்தது. நிற்கும் மரத்தை ஆய்வுக்காக அறுக்க யாருக்கும் மனம் வராது. விழுந்த மரத்தில் அந்தத் தயக்கம் இல்லை. ஆய்வாளர்கள் ஒரு வெள்ளை ஓக் மரத்தின் அடித்தண்டைக் குறுக்காக அறுத்து, ஆண்டு வளையங்களை எண்ணினார்கள்.

அடிமரத்தில் தீ பட்டால் பட்டைக்குக் கீழே இருக்கும் உயிர்த்திசு அந்தப் பக்கம் மட்டும் செத்துப்போகும். மரம் பிழைத்துக்கொண்டால், காயத்தின் இரு ஓரங்களிலிருந்தும் புதுக் கட்டை உதடுபோலச் சுருண்டு வளர்ந்து, கருகிய இடத்தை ஆண்டுக்கணக்கில் மூடும். அறுத்த பரப்பில் வளையங்களுக்கு நடுவே அந்த வடு கரிய வளைகோடாகத் தெரியும். வெளிவளையத்திலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டே போனால் தீ வந்த ஆண்டு எதுவென்று சொல்லிவிடலாம். அந்த வெள்ளை ஓக்கில் முதல் வடு 1641-ஆம் ஆண்டுக்குரியது, கடைசி வடு 1711-ஆம் ஆண்டுக்குரியது. அந்த எழுபது ஆண்டுகளில் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை காட்டுக்குள் தீ ஓடியிருக்கிறது. 1711-க்குப் பிறகு ஒரு வடுகூட இல்லை.

நிலம் குடியேறியின் கைக்கு வந்தது 1701-இல் என்பதையும், தீ நின்றது அதற்குப் பத்தாண்டுக்குள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெளிவாகும். அதற்கு முன் அங்கே வாழ்ந்த லெனாபே மக்கள் வேட்டைக்காகவும் பயணத்துக்காகவும் காட்டின் தரையைச் சுத்தப்படுத்தத் தீ வைத்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்தத் தீ மர உச்சிக்கு ஏறுவதில்லை. சருகையும் சிறு செடிகளையும் எரித்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் ஓடிப்போகும். இந்த முடிவுகள் 1954-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. காட்டை வாங்குவதற்கான முயற்சி நடந்துகொண்டிருந்தது ஏறத்தாழ அதே காலத்தில்தான். அதாவது, காட்டை உருவாக்கியதில் தீக்குப் பங்கு உண்டு என்னும் செய்தி, காட்டைக் காப்பது பற்றி முடிவெடுக்கும் வேளையில் மேசையின் மேலேயே இருந்தது. இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த உண்மையை.

1955: வாங்கிய விதமும் வகுத்த விதியும்

1950-களின் முற்பகுதியில் காடு விற்பனைக்கு வந்தது. இருநூறு, இருநூற்றைம்பது வயது ஓக் மரங்களுக்கு மர வியாபாரத்தில் என்ன விலை கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போய்விடக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து நன்கொடை திரட்டினார்கள். திரண்ட தொகை போதவில்லை. குறையை நிரப்பப் பெருந்தொகை கொடுத்தது அமெரிக்கத் தச்சர் தொழிற்சங்கம். 1953-இல் மறைந்த தங்கள் முன்னாள் தலைவர் வில்லியம் ஹட்செசனின் நினைவாக அவர்கள் இதைச் செய்தார்கள். மரத்தை அறுத்து இழைத்துப் பிழைக்கும் தொழிலாளர்களின் சங்கம், அறுக்கக் கூடாத ஒரு காட்டுக்காகப் பணம் கொடுத்தது என்பது நினைவில் நிற்கும் செய்தி. 1955 அக்டோபரில் காடும் அதைச் சுற்றிய வயல்களுமாக 136 ஏக்கர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. காட்டின் பெயரும் ஹட்செசன் நினைவுக் காடு என்றானது.

அதன் பின் வகுக்கப்பட்ட விதி எளிமையானது: பழங்காட்டுக்குள் யாரும் கைவைக்கக் கூடாது. மரம் வெட்டக் கூடாது, விழுந்ததை எடுக்கக் கூடாது, நடக் கூடாது, மருந்து தெளிக்கக் கூடாது. ஆய்வுகூட அழிவு விளைக்காத முறையில்தான் நடக்க வேண்டும். பொதுமக்கள் குறிப்பிட்ட நாட்களில், வழிகாட்டி ஒருவரோடு, ஒரே பாதையில் மட்டும் சென்று பார்க்கலாம்.

இந்த விதிக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருந்தன. அக்காலச் சூழலியல் கோட்பாட்டின்படி, ஒரு நிலத்தைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் அது படிப்படியாக வளர்ந்து ‘உச்சநிலை’ என்னும் நிலையான வடிவத்தை அடையும்; அடைந்தபின் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு அப்படியே நிலைத்திருக்கும். மெட்லர் காடு அந்த நிலையை எட்டிவிட்ட காடு என்று பரவலாக நம்பப்பட்டது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. ‘தேவைப்பட்டால் சிறிது வெட்டலாம்’ என்று ஒரு வாசல் திறந்துவிட்டால், பிற்காலத்தில் யார் எதைத் தேவை என்று சொல்வார்கள் என்பது தெரியாது. முழுத் தடையை மீறுவது கடினம், கண்காணிப்பது எளிது. மூன்றாவதாக, மனிதக் கை படாத ஒரு காடு ஆய்வுக்கு அளவுகோலாகப் பயன்படும். மற்றக் காடுகளில் நிகழ்பவற்றை அதோடு ஒப்பிடலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் இன்றைக்கும் மதிப்புள்ள காரணங்கள். முதலாவதுதான் நிற்கவில்லை. 1711-க்கும் 1955-க்கும் இடைப்பட்ட 244 ஆண்டுகள் அந்தக் காடு தீயில்லாமல் இருந்தது. அதற்கு முன் தீயோடு இருந்தது. இதில் எந்த நிலை ‘இயற்கை’ என்று யாரும் விதியில் எழுதவில்லை. கைவைக்காமல் விடுவது என்பது உண்மையில் தீயில்லாத நிலையைத் தேர்ந்தெடுப்பதே. ஆனால் அது ஒரு தேர்வாக யாருக்கும் தோன்றவில்லை.

சுற்றியிருந்த வயல்கள்

காட்டைச் சுற்றிய வயல்களைப் பற்றி எடுத்த முடிவு வேறு விதமாக அமைந்தது; இந்த வரலாற்றிலேயே தெளிவாகச் சிந்தித்துச் செய்யப்பட்ட பகுதி அதுதான். 1958 முதல் 1966 வரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வயல்களாக, மொத்தம் பத்து வயல்களில் சாகுபடியை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். ஒவ்வொரு வயலிலும் ஒரு சதுர மீட்டர் அளவில் 48 இடங்களைக் குறித்து, அந்த 480 இடங்களிலும் என்னென்ன செடிகள் எவ்வளவு பரப்பை மூடியிருக்கின்றன என்று ஆண்டுதோறும் பதிவு செய்தார்கள். பிற்பாடு அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றானது. தொடங்கியவர்கள் மறைந்த பிறகும் அடுத்த தலைமுறை அதை எடுத்து நடத்தியது. உலகில் இவ்வகையில் மிக நீண்டகாலம் நடந்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

கோட்பாட்டின்படி அந்த வயல்கள் புல், புதர், இளமரம் என்று படியேறி, ஒருநாள் பக்கத்திலிருந்த பழங்காட்டைப் போல ஆகியிருக்க வேண்டும். மரங்கள் வந்தன; ஆனால் ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு வழியில் போனது. எந்தப் பருவத்தில் கைவிடப்பட்டது, உழுதபின் விடப்பட்டதா, கடைசியாக என்ன பயிர் நின்றது என்பனவெல்லாம் தடம் பதித்தன. வெளிநாட்டிலிருந்து வந்த ஜப்பானிய ஹனிசக்கிள் கொடியும், உயிர்வேலிக்காக அரசு முகமைகளே ஒரு காலத்தில் ஊக்குவித்து நடச்செய்த பன்மலர் ரோஜாப் புதரும் பரவின. பக்கத்தில் விதைமரங்கள் நின்றிருந்தும் வயல்கள் ஓக் காடாக மாறவில்லை.

1981: அந்துப்பூச்சி

ஜிப்சி அந்துப்பூச்சி ஐரோப்பாவிலிருந்து 1869 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே தப்பிப் பரவியது. அதன் கம்பளிப்புழுக்களுக்கு ஓக் இலை மிகவும் பிடித்த உணவு. 1981-இல் அமெரிக்காவின் வடகிழக்கு முழுவதிலும் அது பெருகியபோது இந்தக் காடும் இலையிழந்தது. சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் மருந்து தெளிக்கப்பட்டது. இங்கே தெளிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, விதியின்படி வேண்டாம் என்றே பொறுப்பாளர்கள் முடிவு செய்தார்கள்.

இந்த முடிவை நான் தவறென்று சொல்லமாட்டேன். மருந்து அந்துப்பூச்சியை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை. மற்றப் புழுக்களையும், அவற்றைத் தின்று வாழும் பறவைகளின் உணவையும் சேர்த்தே அழிக்கும். பெரும்பாலான ஓக் மரங்கள் ஒரு முறை இலையிழந்தாலும் மறுபடி துளிர்த்துவிடும். முதிர்ந்தவையும் நலிந்தவையுமே சாகும். கவனிக்க வேண்டியது வேறொன்று. வந்த பூச்சி அந்தக் காட்டுக்குரியதல்ல. மனிதர் கப்பலில் கொண்டுவந்தது. எல்லைக்கு வெளியே மனிதர் செய்வது வேலியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருக்க, உள்ளே மட்டும் கைவைக்காதிருப்பது இயற்கைக்கு வழிவிடுவதாகுமா என்ற கேள்வி அப்போதுதான் வெளிப்படையாக எழுந்தது. 1980-களிலும் 90-களிலும் சூழலியலாளர்கள் ‘நிலையான சமநிலை’ என்னும் பழைய படத்தைக் கைவிட்டு, ஓயாத மாற்றத்தை அடிப்படையாகக் கொள்ளத் தொடங்கியபோது, இந்தக் காடு அவர்கள் அடிக்கடி சுட்டும் எடுத்துக்காட்டானது.

கீழ்த்தளத்தில் நிகழ்ந்தவை

முதிய ஓக் மரம் சாய்ந்தால் மேலே வானம் திறக்கும். கீழே வெளிச்சம் விழும். அந்த இடத்தைப் பிடிக்க ஓக் கன்றுகள் அங்கே காத்திருக்க வேண்டும். ஓக் கன்று முதலில் வேரைப் பெருக்கும். தண்டு எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். அடிக்கடி தீ ஓடும் காட்டில் அதற்கு இது பெரிய சாதகம். மேப்பிளின் கன்று மெல்லிய பட்டை உடையது, தீயில் எளிதில் சாகும். ஆனால் நிழலைத் தாங்கும். தீ நின்றுபோனால் கணக்கு தலைகீழாகிவிடும்: நிழலில் மேப்பிள் பொறுமையாகக் காத்திருக்கும், ஓக் நலிந்து போகும். மெட்லர் காட்டிலும் இதுவே நடந்தது. மேல்தளத்தில் பழைய ஓக் மரங்கள் நிற்க, கீழே அவற்றின் வாரிசுகள் இல்லை.

இதன் மேல் மான் வந்து சேர்ந்தது. 1900 வாக்கில் நியூ ஜெர்சியில் வெண்வால் மான் வேட்டையால் ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது. பாதுகாப்பு கிடைத்ததும், ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத நிலத்தில், வயல் ஓரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மேய்ந்து அது பெருகியது. சிற்றூர்களுக்கு இடையே சிக்கிய சிறு காடு மானுக்குப் பகல் நேரத்து ஒதுங்கிடம். ஓக் கன்றின் கொழுந்தை அது விரும்பி மேயும். தரையில் பூக்கும் பல செடிகளையும் அதேபோல் மேய்ந்துவிடும். அது தொடாதவை தழைக்கும். அவற்றில் ஒன்று ஜப்பானிய ஸ்டில்ட் புல். 1919-இல் டென்னசி மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த ஆசியப் புல், பீங்கான் பாத்திரங்களை உடையாமல் பொதியும் வைக்கோலாக வந்திருக்கும் என்று சொல்வார்கள். நிழலிலும் வளரும், ஒரே பருவத்தில் தரையை முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பாய்போல மூடிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு செழிப்பாகவே தோன்றும்.

டாக்வுட் மரங்கள் வேறொரு காரணத்தால் போயின. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் தென்பட்ட ஒரு பூஞ்சை நோய் அவற்றை இலையிலும் கிளையிலும் தாக்கியது. சாம்பல் மரத்தை, அதாவது ஆஷ் மரத்தை, துளைத்துக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு நியூ ஜெர்சியில் முதன்முதலாக 2014-இல் கண்டறியப்பட்டது, இதே சோமர்செட் மாவட்டத்தில்.

பரப்பளவின் சிறுமையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 65 ஏக்கர் என்பது சுமார் 26 ஹெக்டேர். அது கச்சிதமான சதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 510 மீட்டர்தான்; நட்டநடுவில் நிற்பவர்கூட ஓரத்திலிருந்து 255 மீட்டர் தொலைவிலேயே இருப்பார். விதையும் பூச்சியும் மானும் காற்றும் எட்டாத உட்பகுதி என்று அந்தக் காட்டில் எதுவும் இல்லை.

விளைவு

வாங்கியவர்கள் எதிர்பார்த்தவற்றில் பெரும்பகுதி நிறைவேறியது. காடு விற்கப்படவில்லை, வீட்டுமனையாகவில்லை. 1976-இல் தேசிய இயற்கை அடையாளமாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் நிலம் சேர்க்கப்பட்டு, ஆய்வு மையத்தின் மொத்தப் பரப்பு பல மடங்கானது. பல தலைமுறை மாணவர்கள் அங்கே பயின்றார்கள். அளவுகோலாக வைத்த காடு மாறிக்கொண்டே போனது, அறிவியலுக்கு அதுவே பெரிய பாடமானது; நிலைத்து நின்றிருந்தால் அவ்வளவு கற்றிருக்க முடியாது.

எதிர்பாராதது, காட்டின் உள்ளடக்கம் மாறியது. நிற்கும் பெரிய ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. அவற்றின் இடத்துக்கு ஓக் வருவதில்லை.

மாற்றிச் செய்யத் தக்கவை

இதேபோன்ற சிறு பழங்காட்டை இன்று ஓர் ஊர் காக்க முற்படுமானால், எதைக் காக்கிறோம் என்பதை விலைபேசும் முன்பே எழுதிவைக்க வேண்டும் என்பேன். இருக்கும் மரங்களையா, அந்த மரவகை தொடர்வதையா, மனிதத் தலையீடின்மையையா? மூன்றும் ஒன்றல்ல, இந்தக் காட்டில் மூன்றாவதைக் காத்ததால் இரண்டாவது கைவிட்டுப் போனது. மானை வெளியே நிறுத்தும் வேலி, அயல் செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்குவது ஆகியவற்றைத் தலையீடாக எண்ணாமல், வெளியிலிருந்து வரும் தலையீட்டைத் தடுப்பதாக எண்ணலாம். முதல் சில பத்தாண்டுகளில் தொடங்கியிருந்தால் செலவும் குறைவு, பலனும் அதிகம். புல் பாயாக விரிந்த பிறகு பிடுங்குவது வேறு வேலை.

தீயைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. ஓர் ஓரத்தில் குறைந்த பரப்பில், கட்டுப்படுத்திய தரைத்தீயை முயன்று பார்ப்பதற்கு அறிவியல் நியாயம் உண்டு. ஆனால் முந்நூறு ஆண்டு தீ காணாத தரையில் மட்கிய சருகு தடித்துக் கிடக்கும். முதிய மரங்களின் நுண்வேர்கள் அதற்குள் ஏறியிருக்கும். பழைய தீ செய்ததையே புதிய தீயும் செய்யும் என்று நம்பிவிட முடியாது. சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன. வேலிக்கும் களையெடுப்புக்கும் ஊர்க்காரர் ஒப்புக்கொள்வார்கள், புகைக்கு ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆகவே வயல்களில் செய்ததைப் போல, காட்டுக்கு வெளியே, அதே மண்ணில், தீயோடும் தீயில்லாமலும் ஓக் கன்றுகளை வளர்த்துப் பார்ப்பதே முதல் படியாக இருக்க வேண்டும்.

ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒரு பிரிவையும் சேர்ப்பேன்: வெட்டவும் விற்கவும் நிரந்தரத் தடை, மற்ற விதிகள் அனைத்தையும் பத்தாண்டுக்கு ஒருமுறை, பதிவேடுகளை முன்னால் வைத்துக்கொண்டு, ஊர்க்காரரும் ஆய்வாளரும் சேர்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1711-க்கு முன் அந்த வெள்ளை ஓக்கை ஒரு தீ தொட்டுவிட்டுப் போனதற்கும் அடுத்தது வந்ததற்கும் இடையே இருந்ததும் ஏறத்தாழ அதே பத்தாண்டுதான்.